ஞானம்மாளின் மேசை

சின்னக் கப்பலில் விருந்தினர் விரிவுரையாளராகப் போகிறவருக்குச் சம்பளம் கிடையாது. அறை உண்டு, சாப்பாடு உண்டு, மனைவியை இலவசமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த மனைவியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட முடியாது.

இதில் கப்பல்காரர்களின் நியாயம் ஒன்று இருக்கிறது. பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான பேர் ஏறி நீச்சல் குளத்தில் கிடப்பார்கள். சின்னக் கப்பலில் ஏறுகிறவர்கள் நூறு பேர்தான். எல்லாரும் ஓய்வுபெற்ற டாக்டர்கள், நீதிபதிகள், பள்ளித் தலைமையாசிரியைகள். பகலில் கரை இறங்கி, பழைய கல்லறையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டு, மாலையில் அவற்றைப் பற்றிப் பேச்சுக் கேட்டு, பிறகு பேசினவரையே பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடவேண்டும் அவர்களுக்கு. அதற்குத்தான் அவ்வளவு காசு கொடுக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? அடுப்பை அணைத்தாயா, பூட்டை இழுத்துப் பார்த்தாயா என்றுதான். அதனால் ஆளுக்கொரு மேசை. விரிவுரையாளருக்கு ஏழு பயணிகள் என்றால், அவர் மனைவிக்கும் வேறொரு மூலையில் ஏழு பயணிகள்.

மெல்பர்னின் மல்கிரேவ் பகுதியில் இருக்கும் டாக்டர் ஆரோக்கியசாமி இந்தச் சட்டத்துக்கு 1989 முதல் 2004 வரை வருஷம் தவறாமல் கட்டுப்பட்டு நடந்தவர். அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, மெல்பர்னிலேயே தங்கி, பல்கலைக்கழகத்தில் இந்துமாக்கடல் வணிகத்தின் வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தவர். மேடையில் ஏறினால் மிளகும் சாம்பிராணியும் மணக்கும்படி பேசுவார். வெள்ளைக்காரப் பாட்டிகள் அவர் பெயரைச் சொல்ல முடியாமல் 'டாக்டர் ஆரோ' என்று சுருக்கி, அவருடைய மேசையில் இடம் பிடிக்க முண்டியடிப்பார்கள்.

மனைவி ஞானம்மாள் நர்ஸ். ஒவ்வொரு பயணத்துக்கும் விடுப்புச் சேர்த்துவைத்துக்கொண்டு கூட வருவாள். ஸ்லைடு காலத்தில் அந்த வட்டத் தட்டில் படங்களை வரிசையாக அடுக்கிவைப்பது அவள்தான். இரவானால் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மார்பில் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு, "போய்ட்டு வாறேங்க" என்று வெளியூர் போகிறவள் மாதிரிச் சொல்லிவிட்டு, தன் மேசைக்குப் போய்விடுவாள். புரூமில், டார்வினில், ஃபிரிமேன்டிலில், ஹோபார்ட்டில், எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினாலும் அப்படித்தான். அறைக்குத் திரும்பும்போது இருவருக்கும் அசதி. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அந்தக் காலம் அவ்வளவு நன்றாக இருந்தது என்று அப்போது யார் கண்டார்கள்?

2006இல் ஞானம்மாள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு, படுக்கையில் கிடக்கவில்லை, பிறருக்குத் தொல்லை கொடுக்கவில்லை. அடக்கப் பூசை முடிந்து தேவாலய வாசலில் ஆரோக்கியசாமி நின்றுகொண்டிருந்தபோது, தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து அவர் கையைப் பிடித்தாள். இரண்டு ரயில் மாறி வந்தாளாம். "பத்து வருஷத்துக்கு முன்னால் கப்பலில் ஞானாவின் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு சாப்பாட்டு நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை. அவள் சொன்னதை இன்னமும் நினைத்துக்கொள்வேன்" என்றாள். என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள் அடுத்தவர் வந்து கட்டிக்கொண்டார். கிழவி கூட்டத்தில் கரைந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது இந்த ஏக்கம். பதினாறு பயணம், அத்தனை இரவு, அத்தனை மேசை. அங்கே ஒரு ஞானம்மாள் இருந்திருக்கிறாள். சிரிக்க வைத்திருக்கிறாள், ஏதேதோ சொல்லியிருக்கிறாள். அவளை ஊர்பேர் தெரியாத எழுநூறு பேருக்குத் தெரியும், கட்டினவனுக்குத் தெரியாது. அவள் என்னதான் பேசினாள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடக்கூடாது என்று தோன்றிவிட்டது அவருக்கு.

அதனால்தான் 2008 பிப்ரவரியில் அதே கம்பெனி, சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குக் கரையோரமாகப் போகும் பயணத்துக்குக் கூப்பிட்டபோது, உடனே சரி என்றார். மெல்பர்னின் மறுகோடியில், கிரெய்கிபர்னில் இருக்கும் மகள் ரெஜினா போனில் கத்தினாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? எழுபத்தஞ்சு வயசாகப்போகுது. தனியா கப்பல்ல போய் என்ன பண்ணப் போறீங்க?"

"ம்."

"என்ன ம்? மாத்திரையெல்லாம் யாரு எடுத்துக் குடுப்பா?"

"பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

கப்பலின் பெயர் 'சதர்ன் லார்க்'. வெள்ளைச் சாயம் புதிதாக அடித்திருந்தார்கள், ஆனால் படியேறினதும் வரும் அந்த வாசனை மாறவில்லை. டீசலும் வாட்டிய இறைச்சியும் தரை மெழுகும் கலந்த வாசனை. ஸ்லைடு போய் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பயண மேலாளர் ஹெலன் மட்டும் அப்படியே இருந்தாள், தலை நரைத்ததைத் தவிர. "உங்கள் மேசை ஜன்னல் பக்கம், டாக்டர். பழைய சட்டம்தான்" என்றாள். பிறகு, அந்தச் சட்டத்தில் இப்போது அர்த்தமில்லை என்று நினைவு வந்தவளாக, முகம் சிவந்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

துறைமுகத்தைத் தாண்டும்போது எல்லாரும் மேல்தட்டில் நின்று பாலத்தைப் படம் எடுத்தார்கள். ஆரோக்கியசாமி பழைய முகங்களைத் தேடினார். முன்பும் வந்தவர்கள் நான்கே பேர் தேறினார்கள். அதில் இரண்டு பேர், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, தமிழர்களாகவே அமைந்தார்கள். சிட்னியில், பென்டில் ஹில்லில் இருக்கும் வரதராஜாவும் அவர் மனைவி யோகாவும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். 2001இல் புரூமிலிருந்து டார்வின் போன பயணத்தில் வந்தவர்கள். தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று ஞானம்மாள் பத்து இரவும் அவர்களோடுதான் சாப்பிட்டாள்.

யோகாவிடம் கேட்டால் போதும் என்று அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. அந்தப் பூசாரி வரதராஜா. துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். விரிவுரையாளர் ஒருவர் கையில் கிடைத்தால் விடுகிற சாதி இல்லை. ஆரோக்கியசாமி யோகாவின் பக்கம் திரும்பினால் போதும், "டொக்டர், அந்தக் காலத்துக் கல்கத்தாக் கப்பலுக்கு என்ன மரம் போட்டவங்கள்? தேக்கோ?" என்று ஆரம்பித்துவிடுவார். தேக்கு என்றால் எந்த ஊர்த் தேக்கு என்பார். யோகா ஒரு புன்சிரிப்போடு பின்னலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கேள்விக்குக் காரணம் இருந்தது. அந்தப் பயணத்தில் ஆரோக்கியசாமி சொன்ன முக்கியமான கதையே அதுதான். 1797இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கேற்றி வந்த கப்பல் ஒன்று, தாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவில் தரைதட்டியது. உதவி தேடிப் படகில் கிளம்பிய பதினேழு பேரின் படகும் உடைந்தது. கரையோரமாகவே சிட்னியை நோக்கி நடந்தார்கள். அதில் பெரும்பாலோர் வங்காளத்து மாலுமிகள். பூர்வகுடிகள் மீன் கொடுத்தும், ஆறு கடத்திவிட்டும், கடைசியில் உயிரோடு சேர்ந்தவர்கள் மூன்றே பேர். இந்தக் கதையை ஈடன் துறையில் கப்பல் நின்றபோது ஆரோக்கியசாமி சொன்னார். ஒரு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேச்சு முடிந்து கைதட்டல் எழுந்தபோது ஆரோக்கியசாமியின் கண் தன்னையறியாமல், ஞானம்மாள் எப்போதும் உட்காரும் பின்வரிசைக்குப் போயிற்று. அங்கே யாரோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற இரண்டு பழைய பயணிகளிடம் அவர் விசாரித்துவிட்டார். பெரில் என்ற தலைமையாசிரியை, "ஞானாவா! சம்பல் அரைக்கச் சொல்லிக் கொடுத்தாளே" என்றார். அந்தச் சம்பலை ஆரோக்கியசாமி முப்பத்தேழு வருஷம் தின்றிருக்கிறார். இன்னொரு கிழவர், "ஆஸ்பத்திரியில் பல்செட் மாறிப்போன கதை சொல்வாள், விழுந்து விழுந்து சிரிப்போம்" என்றார். அதுவும் தெரிந்த கதைதான். சொல்லப்போனால் அந்தக் கதையை வீட்டில் அவள் சொன்னபோது அவர் பேப்பரை இறக்கினதாக நினைவில்லை. ஆனாலும் தெரிந்த கதை. ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே எதையோ எடுத்து நீட்டினார்கள், எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்த சாமான்கள். இதற்கா இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று ஒரு நாள் மாலை அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பாஸ் நீரிணைக்குள் நுழைந்த அன்று கடல் குணத்தைக் காட்டியது. மேற்கிலிருந்து காற்று. சின்னக் கப்பல் முறத்தில் போட்ட அரிசியாகப் பயணிகளைப் புடைத்தது. சாப்பாட்டு மணி அடித்தபோது நூறு பேரில் பத்துப் பேர் வந்திருந்தால் அதிகம். மேசைவிரிப்பு வழுக்காமலிருக்க நனைத்து விரித்திருந்தார்கள். ஹெலன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, "இன்று சட்டம் கிடையாது, யார் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்" என்று அறிவித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

யோகா கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். முகத்தில் அலுப்பு கொஞ்சமும் இல்லை.

"அவர் எங்கம்மா?" என்றார் ஆரோக்கியசாமி.

"படுத்திட்டார். துறைமுகத்தில முப்பது வருசம் வேலை செய்தவர், கப்பல் ஆடினால் தாங்கமாட்டார்." யோகா சிரித்தார். "எனக்கு ஒண்டும் செய்யாது."

சூப் வந்தது. பாதி கிண்ணம்தான் ஊற்றினார்கள். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. எங்கோ தட்டுகள் சரிந்தன.

"ஞானம் இருந்திருந்தா இதுக்குச் சிரிச்சிருப்பா" என்றார் ஆரோக்கியசாமி. "அவளுக்குக் கடல்னா உயிரு."

யோகா கரண்டியைக் கீழே வைத்தார். "ஆருக்கு? ஞானம் அக்காவுக்கோ?"

"ஆமா."

"அண்ணை, அவவுக்குக் கடல் எண்டால் ஈரக்குலை நடுங்கும். உங்களுக்குத் தெரியாதோ?"

ஆரோக்கியசாமி சிரித்தார். ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தார். "பதினாறு தடவை வந்திருக்காம்மா. ஒரு தடவை வாந்தி எடுத்ததில்ல."

"எடுக்கமாட்டா. நீங்கள் மேடைக்குப் போக முந்தி ரெண்டு குளிசை போடுவா. நேர்ஸ் தானே, கைப்பையில கட்டுக் கட்டாய் வச்சிருந்தவ. கப்பல் ஆடினால் மேசைக்குக் கீழ என்ர கையைப் பிடிப்பா. நகம் பதிஞ்சு கிடக்கும். மேல பார்த்தால் முகத்தில சிரிப்பு, ஆக்களுக்குப் பகிடி விட்டுக்கொண்டிருப்பா. கரைக்குப் போற றப்பர் படகில இறங்கேக்க செபமாலை சொல்லுவா, கண்டிருக்கிறன்."

அவர் வாயில் சூப் கசந்தது. "ரத்தக்கொதிப்பு மாத்திரைன்னு சொன்னாளே" என்றார், யாரிடமோ புகார் சொல்கிறவர் மாதிரி.

யோகா அவருடைய சூப் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"அப்ப ஏம்மா வந்தா? நான் வான்னு ஒரு நாளும் வற்புறுத்துனதில்லையே. வீட்டுல இருந்திருக்கலாமே."

"நானும் இதைத்தான் கேட்டனான்." யோகா மேசைவிரிப்பின் ஈர மடிப்பை விரலால் நீவினார். "சொன்னால் குறை நினைக்கக்கூடாது, அண்ணை."

"சொல்லுங்க. இதைக் கேக்கத்தான் நான் கப்பல் ஏறினேன்."

"நீங்கள் வீட்டில கதைக்கிறேல்லயாம். என்ன கேட்டாலும் ம் எண்டுறதோட சரியாம். அதை அவ குறையாய்ச் சொல்லேல்ல, சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவ. உங்கட மலேசியாத் தமிழில, எனக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது. 'எங்க வீட்டுக்காரு கப்பல்ல ஏறினாத்தான் வாயத் தொறப்பாரு யோகா. அவரு பேசுறத நான் கேக்கணும்னா கடல்லதான் வரணும் லா, வேற வழி?' எண்டு."

கப்பல் மறுபடி சாய்ந்தது. ஆரோக்கியசாமி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடேக்க எப்பவும் உங்கட மேசைப் பக்கம் காது" என்றார் யோகா. "தான் சொல்லுற கதையைப் பாதியில விட்டிட்டு, 'கொஞ்சம் சும்மா இருங்க, அவரு பேசுறாரு' எண்டு எங்களைக் கையால அமத்துவா. வெள்ளைக்காரர் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பினம். எத்தனை தரம் கேட்ட கதையோ. முதல் தரம் கேக்கிற பிள்ளை மாதிரித்தான் இருப்பா."

அவள் என்ன பேசினாள் என்று அறிய வந்தவருக்கு, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. அவர் எழுந்து போகப் பார்த்தார். கால் நிற்கவில்லை, தரையும் நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்து கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பரிமாற வந்த பையன், கடல் படுத்தும் பாடு என்று நினைத்து, காகிதப் பை ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். யோகா எதுவும் சொல்லாமல் எதிரே இருந்தார். அதற்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை, அவளுடைய இரவு வேலை நாட்களில் பெண்ணுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர். ஆனால் பேச்சு என்பது தெரியாதவர்களுக்குச் சொல்வதற்கு என்று எப்படியோ அவருக்குள் பதிந்துவிட்டது. கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, அவளிடம் எதற்குப் பேச்சு? சாயந்தரம் ஞானம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை முழுக்கச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, "வாயில என்னங்க, கொழுக்கட்டையா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார். அவள் கேலி செய்கிறாள் என்றுதான் முப்பத்தேழு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கக் காது கொடுத்துக் கேட்ட வாய், வீட்டுக் கதவைத் தாண்டினதும் பூட்டிக்கொண்டது. அதைத் திறந்து பார்க்க ஒரு பெண் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கடலில் ஏறியிருக்கிறாள்.

கடைசி நாள் கடல் குளம்போல் கிடந்தது. மெல்பர்னின் ஸ்டேஷன் பியர் துறையில் இறங்கும்போது வரதராஜா தெளிந்துவிட்டார். தேக்கைப் பற்றி ஒரு கடைசிக் கேள்வி வைத்திருந்தார். யோகா கையைப் பிடித்து, "போட்டு வாறம், அண்ணை" என்றார். அவ்வளவுதான்.

ரெஜினா கார் கொண்டு வந்திருந்தாள். மல்கிரேவ் வரைக்கும் ரேடியோ பாடிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் பெட்டியைத் தூக்கி வைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், வாங்கி வந்திருந்த பாலையும் ரொட்டியையும் ஃபிரிட்ஜில் வைத்தாள். எல்லாம் மளமளவென்று நடந்தது. பேச்சில்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கை வேகமாக ஓடும்.

"ஓகேப்பா, ட்ராஃபிக் வர்றதுக்குள்ள கிளம்பறேன். மீன் கறி மைக்ரோவேவ்ல இருக்கு. பை."

"கொஞ்சம் இரு" என்றார் ஆரோக்கியசாமி.

அவள் வாசலில் நின்றாள். "ஏன்?"

"உங்கிட்டப் பேசணும்."

ரெஜினாவின் முகம் வெளுத்தது. திரும்பி வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "என்னப்பா? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா? டெஸ்ட் எடுத்தீங்களா? டெல் மீ, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பிளீஸ்."

தான் பேசவேண்டும் என்றால் சாவு வந்தால்தான் உண்டு என்று பெற்ற மகள் நினைத்திருக்கிறாள். அது அவர் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா பேசலாம்னு."

"சும்மாவா?" என்றாள் அவள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் இவர் வாயால் அவள் கேட்டதில்லை. "எதைப் பத்தி?"

எதைப் பற்றியும் ஒரு முன்னுரை வைத்திருந்தவருக்கு இப்போது ஒன்றும் வரவில்லை. சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். மகள் காத்துக்கொண்டிருந்தாள், கைப்பை தோளில்.

"கப்பல்ல என்ன சாப்பாடு போட்டாங்கன்னு கேளேன்" என்றார் கடைசியில்.

ரெஜினா கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னப்பா போட்டாங்க?"